மூன்றாவது அடி மண்ணையும் பாருங்கள்

குமரி மாவட்டத்து விவசாய சங்கத்தாருக்கும், பாசனச் சங்கத்தாருக்கும், ஊராட்சிகளில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

திருவட்டார் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். 30 வருஷம் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள். அப்பா விட்டுப்போன ஒரு ஏக்கர் விளை இருக்கிறது. தென்னை நிற்கிறது, ஊடே மட்டிவாழை. மேட்டில் வீடு, முற்றத்தில் கிணறு. விளை சரிந்து இறங்கும் இடத்தில் சானல், சானலுக்கு அப்புறம் ஊர்க்குளம். கல்குளம், விளவங்கோடு பக்கம் பலருடைய வீடும் நிலமும் இப்படித்தான் அமைந்திருக்கும். நாம் போடுகிற உரத்தின் மணிச்சத்து மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது, கடைசியில் குளத்துக்கு அது என்ன செய்கிறது என்பதைப் பற்றி என் விளையில் நான் கண்டது உங்களுக்கும் உதவும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

போன கோடையில் மண் மாதிரி எடுத்தேன். வழக்கமாக எல்லாரும் எடுப்பது ஆறு அங்குலம். சாய்வாகக் குழி வெட்டி, பக்கத்தில் சுரண்டி, நாலாகப் பகுத்துக் கழித்து, அரைக் கிலோ கட்டிக் கொடுப்போம். நெல்லுக்கு அது போதும். தென்னைக்கும் மற்ற மரங்களுக்கும் ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி என மூன்று ஆழத்தில் தனித்தனியாக எடுக்க வேண்டும் என்பதுதான் முறை. வெட்டுக்கல் கலந்த மண்ணில் மூன்றடி தோண்டுவது லேசுப்பட்ட வேலையில்லை, நானும் இத்தனை வருஷம் செய்ததில்லை. இந்த முறை ஆள் வைத்துக் கம்பிப்பாரையால் இடித்து எடுத்தேன். கூடவே, விளையின் கன்னிமூலையில் பாட்டா காலத்திலிருந்தே மண்வெட்டி படாமல் கிடக்கிற காவிலிருந்தும் அதே மூன்று ஆழத்தில் மண் எடுத்துக் கொடுத்தேன்.

காவு மண்ணில் மூன்று ஆழத்திலும் மணிச்சத்து குறைவு என்று வந்தது. தென்னை மூட்டில் எடுத்ததில் முதல் அடி அதிகம், இரண்டாவது அடியும் அதிகம், மூன்றாவது அடி நடுத்தரம். அந்த 'நடுத்தரம்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்றடி ஆழத்தில் நான் உரம் போட்டதே இல்லை. மேலே போட்டதுதான் 25 வருஷமாக இறங்கி அங்கே வந்திருக்கிறது.

மணிச்சத்து என்று உரக்கடையில் சொல்வது பாஸ்பரஸைத்தான். தழைச்சத்தாகிய நைட்ரஜன் மழையோடு கிணற்றுக்கு இறங்கும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். பாஸ்பரஸ் அப்படியில்லை, போட்ட இடத்திலேயே மண் அதைப் பிடித்துக்கொள்ளும் என்றுதான் பாடத்தில் நானும் சொல்லிக்கொடுத்தேன். நான் சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதியைச் சொல்லாமல் 30 வருஷம் ஓட்டிவிட்டேனே என்ற வருத்தம் இருக்கிறது.

இதை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வீட்டிலேயே ஒரு சோதனை செய்தேன். இரண்டு லிட்டர் பாட்டில் இரண்டை எடுத்து அடியை அறுத்து, கவிழ்த்து நிறுத்தி, வாயில் துணி கட்டினேன். ஒன்றில் காவிலிருந்து எடுத்த செம்மண் ஒரு கிலோ. மற்றதில் ராஜாக்கமங்கலம் பக்கம் கடற்கரையோரம் இருக்கிற அக்கா வீட்டு முற்றத்து மணல் ஒரு கிலோ. ஒரு டம்ளர் தண்ணீருக்குக் கால் கிராம் டிஏபி உரம் கரைத்து இரண்டிலும் ஊற்றினேன். அந்தக் கால் கிராமில் பாஸ்பரஸ் 50 மில்லிகிராம் இருக்கும். அடியில் சொட்டிய நீரில் அமிலம் சேர்த்த அம்மோனியம் மாலிப்டேட்டும் வைட்டமின் சி-யும் கலந்தேன். பாஸ்பேட் இருந்தால் நீலம் ஏறும், பிளஸ் டூ ஆய்வகத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த வினை.

மணலில் இறங்கிய முதல் டம்ளரே நீலம். பேனா மை கொட்டியதுபோல. செம்மண்ணில் இறங்கியது தெளிந்த கிணற்று நீர்போல வந்தது. இரண்டாவது டம்ளரும் அப்படியே. மூன்று, நாலு என்று எட்டு டம்ளர் வரைக்கும் நிறம் காணவில்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க மண்ணு என்னத்த ஊத்துனாலும் குடிச்சிரும் பிள்ளே" என்றாள். ஒன்பதாவது டம்ளரில் லேசாக ஒரு நீலம், சொட்டுநீலம் அலசிய தண்ணீரின் கடைசி அலசல்போல. பதினாலாவதில் மணலின் நீலத்துக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

செம்மண் எப்படிப் பிடிக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நாம் செய்ய வேண்டியதெல்லாம் இதில்தான் இருக்கிறது. நம் மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடின் நிறம். மஞ்சள் ஓடிய இடங்களில் இருப்பதும் இரும்புதான், நீர் சேர்ந்த வேறொரு வடிவம். கூடவே அலுமினிய ஆக்சைடும் உண்டு. பல்லாயிரம் ஆண்டு மழை சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் கழுவிக் கொண்டுபோக, கரையாமல் மிஞ்சி நின்றவை இவை. பிரான்சிஸ் புக்கானன் மலபாரில் அங்காடிப்புரத்தில் பார்த்து 1807-ல் 'லேட்டரைட்' என்று பேர் வைத்ததும் இந்த வகைதான். வெட்டும்போது வெண்ணெய்போல இளகி, காற்றுப்பட்டால் இறுகும் நம் வெட்டுக்கல். இந்த ஆக்சைடுத் துகள்களின் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் தொகுதிகள் வரிசையாக இருக்கும். பாஸ்பேட் வரும்போது அந்தத் தொகுதியை விலக்கிவிட்டு அந்த இடத்தில் தானே இரும்போடு நேராகப் பிணைந்துகொள்கிறது. பல நேரம் இரண்டு கையாலும் பிடிப்பதுபோல இரண்டு பிணைப்பு. நைட்ரேட்டுக்கு இந்தத் திறமை கிடையாது, அது தண்ணீர் போகிற போக்கில் போய்விடும்.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் களியக்காவிளை பஸ்ஸில் ஏறுகிற கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இருக்கை காலியாக இருக்கும் வரைக்கும் ஏறுகிறவர் உட்காருவார். முன்வரிசை நிரம்பினால் அடுத்த வரிசை, அதுவும் நிரம்பினால் அதற்கடுத்தது. மண்ணிலும் மேல் அங்குலம் நிரம்பிய பிறகுதான் அடுத்த அங்குலத்துக்கு வேலை வரும். உட்கார்ந்தவற்றில் ஒரு பங்கு மாதக்கணக்கில் துகளின் உள்துளைக்குள் நுழைந்து அசையாமல் ஆகிவிடும். அதனால் சில இருக்கைகள் திரும்பக் காலியாவதும் உண்டு. ஆனாலும் இருக்கைகளுக்கு ஒரு எண்ணிக்கை இருக்கிறது.

என் பாட்டிலை வைத்து ஒரு கைக்கணக்குப் போட்டேன். எட்டு டம்ளர், ஒவ்வொன்றிலும் 50 மில்லிகிராம். அப்படியென்றால் ஒரு கிலோ செம்மண் 400 மில்லிகிராம் பாஸ்பரஸைச் சொட்டாமல் தாங்கியது. ஒரு ஏக்கரில் ஒரு அடி ஆழத்து மண்ணின் எடை ஏறத்தாழ 1,600 டன். அத்தனை மண்ணும் தாங்கினால் 640 கிலோ. தென்னைக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு மரத்துக்கு வருஷம் 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், அதாவது உரக்கடைக்காரர் எழுதும் ஆக்சைடு கணக்கில் 320 கிராம் மணிச்சத்து, வெறும் பாஸ்பரஸாகப் பார்த்தால் 140 கிராம். ஏக்கருக்கு 70 மரம் என்றால் வருஷத்துக்குப் பத்துக் கிலோ. 640-ஐப் பத்தால் வகுத்து, 64 வருஷம் தாங்குமே என்று நிம்மதியடையலாம். ஆனால் நாம் உரத்தை விளை முழுக்கத் தூவுவதில்லை. மரத்தடியைச் சுற்றி ஆறடி தூரத்துக்கு வட்டமாகத் தடம் எடுத்து அதில் போடுகிறோம். அந்த வட்டங்களை எல்லாம் கூட்டினால் ஏக்கரில் ஆறில் ஒரு பங்கு சுமார். 64 வருஷம் பத்து வருஷமாகக் குறைந்துவிட்டது. பத்து வருஷத்துக்கு ஒரு அடி. 25 வருஷத்துக்கு இரண்டரை அடி. என் மூன்றாவது அடி மண்ணில் 'நடுத்தரம்' வந்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். மரம் எடுத்தது, இறுகிப்போனது என்று கழிக்க வேண்டியவை இருக்கின்றன, இது அறிவியல் கட்டுரைக்கான கணக்கு இல்லை. ஆனாலும் கம்பிப்பாரை சொன்னதும் காகிதம் சொன்னதும் இவ்வளவு கிட்டத்தில் வந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இதில் என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஓலை மஞ்சளித்தபோதெல்லாம் 20-20 உர மூட்டையை வாங்கிப் போட்டேன். அந்த மூட்டையில் சாம்பல்சத்தாகிய பொட்டாசியமே கிடையாது. தென்னை அதிகம் கேட்பதோ சாம்பல்சத்தைத்தான், பரிந்துரையிலேயே மணிச்சத்து 320 கிராம் என்றால் சாம்பல்சத்து 1,200 கிராம். மரம் ஒன்றைக் கேட்டது, நான் வேறொன்றைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மண்ணில் மணிச்சத்து மிஞ்சினால் துத்தநாகம் பயிருக்குக் கிடைப்பதும் குறையும். மஞ்சள் இன்னும் கூடும், இன்னும் ஒரு மூட்டை வாங்குவோம்.

இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்ற இடத்தில் பிராட்பாக் என்று ஒரு கோதுமை வயல் இருக்கிறது. 1843 முதல் இன்றுவரை சோதனை வயலாகவே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாத்திக்கும் ஒவ்வொரு உரம், அடியில் வடிகால் குழாய். அந்தக் குழாயில் வந்த தண்ணீரை அளந்து 1995-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விஷயம் தெரிந்தது. மேல்மண்ணில் பயிருக்குக் கிடைக்கும் பாஸ்பரஸ் கிலோவுக்கு 60 மில்லிகிராம் வரைக்கும் வடிநீரில் பெரிதாக ஒன்றும் வரவில்லை. அதைத் தாண்டியதும் மளமளவென்று ஏறியது. கிட்டத்தட்ட என் ஒன்பதாவது டம்ளர். நெதர்லாந்தில் பன்றிப்பண்ணைக் கழிவு கொட்டிய மணல் நிலங்களில், மண்ணின் பிடிக்கும் திறனில் 25 சதவீதம் நிரம்பினாலே ஆபத்து என்று எல்லை வகுத்திருக்கிறார்கள்.

இங்கிலாந்து மண் வேறு, நம் மண் வேறு. 60 என்ற எண்ணை அப்படியே இங்கே ஒட்டவைக்க முடியாது. நான் சொல்ல வருவது மண் சோதனை முடிவை எழுதித் தரும் நம் மண்வள அட்டையைப் பற்றி. நம் ஊர்க் கணக்கில் ஹெக்டேருக்கு 22 கிலோவைத் தாண்டினால் மணிச்சத்து 'அதிகம்'. பிராட்பாக்கின் 60 மில்லிகிராமை நம் கணக்குக்கு மாற்றினால் ஹெக்டேருக்கு 134 கிலோ வரும். 23 இருந்தாலும் அட்டையில் 'அதிகம்', 150 இருந்தாலும் அதே 'அதிகம்'. முதலாவது நல்ல செய்தி, இரண்டாவது கிணற்றுக்காரரை எச்சரிக்க வேண்டிய செய்தி. விவசாயி அந்தச் சொல்லை மட்டும் பார்த்துவிட்டு அட்டையை மடித்து வைத்துவிடுகிறார். 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 விஷயங்களை அளந்து கொடுக்கிறார்கள். எண்ணும் அதில் இருக்கிறது, அதைத்தான் நாம் படிக்க வேண்டும். சங்கக் கூட்டங்களில் சொல்லை வாசிக்காமல் எண்ணை வாசியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி கடற்கரை. அக்கா வீட்டுக் கிணறு பதினைந்து அடி. பத்தடி தள்ளிக் கழிவறைக்கு உறை இறக்கிய குழி. இரண்டுக்கும் நடுவில் வெறும் மணல். அந்த மணலில் என்ன நடக்கிறது என்பதை என் பாட்டிலின் முதல் டம்ளர் சொல்லிவிட்டது. வெளுத்த மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ், அதில் பாஸ்பேட் உட்கார இருக்கை கிடையாது. முட்டத்துச் செம்மணல்போல மணல்மணியின்மேல் இரும்புப் பூச்சு ஏறியிருந்தால் ஓரளவு பிடிக்கும். மணவாளக்குறிச்சிக் கருமணலோடு கிடக்கிற மோனசைட்டே ஒரு பாஸ்பேட் கனிமம்தான், ஆனால் அது தோரியத்தோடும் அருமண் தனிமங்களோடும் கல்லாக இறுகிக் கிடப்பது, தண்ணீரில் கரைந்து வராது. கரைந்து வருவதெல்லாம் நம் உடம்பிலிருந்தும் சோப்புத்தூளிலிருந்தும் உரத்திலிருந்தும் வருவது. ஒரு ஆள் நாளொன்றுக்கு ஒரு கிராம் அளவுக்குப் பாஸ்பரஸை வெளியேற்றுகிறார். ஐந்து பேர் வீட்டில் வருஷத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஆகிறது.

அமெரிக்காவில் கேப் காட் என்ற கடலோர மணல் பகுதியில் ஒரு ராணுவத் தளம். 1936 முதல் 1995 வரை சுத்திகரித்த கழிவுநீரை மணல் பாத்திகளில் விட்டு நிலத்துக்குள் இறக்கினார்கள். மணல் கொஞ்சம் பிடித்தது, நிரம்பியது, பாஸ்பரஸ் மெதுவாக நகர்ந்து ஆஷுமெட் என்ற குளத்தைத் தொட்டது. கழிவு விடுவதை நிறுத்திய பிறகும் நிற்கவில்லை. மேலேயிருந்து சுத்தமான நீர் இறங்க இறங்க, மணல் தான் பிடித்துவைத்ததை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் 2004-ல் குளத்தின் ஓரத்தில் இரும்புத் தூள் கலந்த ஒரு தடுப்பை நிலத்துக்குள் புதைத்தார்கள். நம் விளைகளில் இயற்கை சும்மா கொடுத்து வைத்திருக்கும் இரும்பை அவர்கள் விலை கொடுத்து வாங்கிப் புதைத்திருக்கிறார்கள்.

அதனால் மேட்டு விளைக்கும் கடலோர மணலுக்கும் ஒரே உர அளவு, ஒரே மாதிரி உறிஞ்சுகுழி என்று வைத்திருப்பதை மாற்ற வேண்டும். மணல் பகுதியில் கரையும் உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல் நாலைந்து தடவையாகப் பிரித்துப் போட வேண்டும், சாணமும் தொழுவுரமும் தென்னை நாரும் சேர்த்து மண்ணுக்கு உடம்பு கொடுக்க வேண்டும், இடவப்பாதி மழை கறுத்து நிற்கும்போது மூட்டையைப் பிரிக்கக் கூடாது. உறிஞ்சுகுழிக்குக் கீழேயும் சுற்றிலும் ஒரு அடுக்குச் செம்மண் சேர்த்துக் கட்டலாமா என்று ஊராட்சிப் பொறியாளர்கள் யோசிக்க வேண்டுகிறேன். குழி அடைத்துக்கொள்ளாதபடி எப்படி அமைப்பது என்பது அவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரிந்தது வேதியியல் மட்டும். அதற்கென்று இன்னொரு விளையை வெட்டிவிடாதீர்கள். கிணறும் அஸ்திவாரமும் தோண்டும் இடங்களிலேயே வேண்டிய மண் கிடைக்கும்.

விளை வெட்டுவது பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். செம்மண் ஏற்றிய டெம்போ போகாத சாலை இன்று இந்த மாவட்டத்தில் எது? மேட்டை வெட்டி ஏலாவை நிரப்புகிறோம். நெல் நிலம் போனது எல்லாருக்கும் கண்ணில் தெரிகிறது. பத்தடி மேட்டை வெட்டினால் கிணற்றுக்கு மேலே இருந்த பத்தடி வடிகட்டியும் போனது என்பது கண்ணில் தெரிவதில்லை. மண் எடுக்கத் தடையில்லாச் சான்று கொடுக்கும்போது எத்தனை கன மீட்டர் என்று எழுதுகிறீர்கள். வெட்டி முடித்த பிறகு கிணற்று நீர்மட்டத்துக்கு மேலே எத்தனை அடி மண் மிஞ்சும் என்ற ஒரு வரியையும் சேர்த்து எழுதுங்கள்.

பாஸ்பரஸ் குடித்தால் விஷமா என்று கேட்பீர்கள். இல்லை. நம் எலும்பில் அதுதான் இருக்கிறது, வளர்ந்த ஆள் உடம்பில் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக. கிணற்றில் நாம் பயப்பட வேண்டியது நைட்ரேட்டுக்கும் கிருமிக்கும், நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. பாஸ்பரஸைச் செம்மண் பிடித்துவிட்டது என்பதற்காக அந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள். பாஸ்பரஸால் கெடுவது குளம். நிலத்தடி நீர் ஊறித்தான் கோடையிலும் நம் குளங்களுக்கும் பழையாற்றுக்கும் தண்ணீர் வருகிறது. லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் என்பதே ஒரு குளம் பாசி பிடிக்கத் தொடங்கப் போதும். 1973-ல் கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் ஒரு ஏரியை நடுவில் திரை போட்டுப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் மட்டும் சேர்த்தார்கள், மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் சேர்த்த பக்கம் பச்சையாகத் திரண்டுவிட்டது, மற்றது தெளிவாகவே இருந்தது. சுசீந்திரம் தேரூர்க் குளங்களும் வேம்பனூர்க் குளமும் 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியபோது நாம் எல்லாரும் பெருமைப்பட்டோம். அந்தக் குளங்களுக்கு இறங்கும் தண்ணீர் எந்த மண் வழியாக வருகிறது என்பதிலும் அந்த அக்கறை வேண்டும்.

குளத்துக்கு இன்னொரு வழியிலும் பாஸ்பரஸ் போகிறது, நம் மேட்டு நிலத்தில் அதுதான் பெரிய வழி. பிடித்த மண்ணே கிளம்பிப் போவது. சரிவான விளைகளில் நம் முன்னோர் கையாலை கட்டி வைத்திருந்தார்கள். மண்ணும் வெட்டுக்கல்லும் அடுக்கி, தட்டுத்தட்டாக. ஜேசிபி வந்த பிறகு பாதை போடவும் நிலத்தைச் சமப்படுத்தவும் அவற்றை இடித்துவிட்டோம். எங்கள் விளையிலும் கீழ்க் கையாலை இடிந்து ஆறு வருஷம் ஆகிறது. பெருமழை அன்று சானலில் ஓடுவது தேயிலைச் சாயம்போலச் சிவந்த தண்ணீர். அது நிரம்பிய மேல்மண், பாஸ்பரஸ் முழுக்க ஏறி உட்கார்ந்த மண். அது குளத்தின் அடியில் போய்ப் படிந்தால் அங்கேயே பூட்டிக் கிடக்கும் என்று நினைக்கக் கூடாது. கிளிஃபோர்ட் மார்ட்டிமர் 1941-ல் இங்கிலாந்து ஏரிகளில் அதைக் காட்டினார். அடிச்சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு வேறு வடிவத்துக்கு மாறிக் கரைகிறது, அது பிடித்திருந்த பாஸ்பேட் தண்ணீருக்குத் திரும்புகிறது. ஆகாயத்தாமரை மூடிய குளத்தின் அடியில் ஆக்சிஜன் எங்கே இருக்கும்? விளையில் நம்மைக் காத்த அதே இரும்பு, குளத்துச் சேற்றில் கையை விட்டுவிடுகிறது.

நாஞ்சில் நாட்டு நெல்காரர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. தண்ணீர் தேங்கிய வயலிலும் இதேதான் நடக்கிறது. நடவு முடிந்து சில வாரத்தில் சேற்றிலிருந்து மணிச்சத்து தானாகவே விடுபட்டு நெல்லுக்குக் கிடைக்கும். மண் அட்டையில் எண் ஏற்கெனவே கூடுதலாக இருந்தால் கும்பப்பூ சாகுபடிக்கு மணிச்சத்தைக் குறைத்துக்கொள்ளலாம், சில பூ முழுக்க நிறுத்தியும் பார்க்கலாம். திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். உரம் போட்ட வாரத்தில் மடையைத் திறந்து தண்ணீரை வடிக்காதீர்கள், அது நேரே அடுத்த குளத்துக்குத்தான் போகும். ஒரு டிஏபி மூட்டையில் 23 கிலோ மணிச்சத்து இருக்கிறது. மண்ணில் இருப்பது போதுமென்றால் அந்த மூட்டையின் 1,350 ரூபாய் உங்கள் கையில் இருக்கட்டும். மண்ணில் இறுகிக் கிடப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துப் பயிருக்குக் கொடுக்க பாஸ்போபாக்டீரியா இருக்கிறது, வேர் உட்பூசணம் இருக்கிறது.

பாசனச் சங்கத்தாரிடம் இரண்டு வேண்டுகோள். ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போட்டுவிட்டுப் போகிறார்கள். அது தண்ணீரிலிருந்து உறிஞ்சிய பாஸ்பரஸ் அழுகி, முதல் மழையில் அதே குளத்துக்குத் திரும்பிவிடும். அதை விளைக்கு ஏற்றி மட்கவைத்து வாழைக்குப் போட்டால்தான் குளத்திலிருந்து எடுத்ததாகக் கணக்கு. குளத்து வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுக்க அரசு அனுமதி கொடுக்கிறது. அந்த வண்டல் நம் விளைகளிலிருந்து போன மண்தான், நாம் காசு கொடுத்து வாங்கிப் போட்ட உரம்தான். முதலில் அது விளைக்குத் திரும்பட்டும், மனை நிரப்புவதற்கு அதைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் எல்லாரும் சேர்ந்து இந்த வருஷமே செய்யலாம். ஒவ்வொரு ஊராட்சியிலும் ஐந்து இடம் பிடியுங்கள். ஒரு தென்னை விளை, ஒரு ரப்பர் தோட்டம், ஒரு வாழைத்தோட்டம், ஒரு வயல், பிறகு உரமே படாத ஒரு காவு அல்லது கோயில் நிலம். கடலோர ஊராட்சியில் ரப்பருக்குப் பதிலாக வீட்டு உறிஞ்சுகுழிப் பக்கம். ஒவ்வொன்றிலும் மூன்று ஆழத்தில் மண். அமில மண்ணுக்கு அதற்குரிய பிரே முறையில் மணிச்சத்தை அளக்கச் சொல்லிக் கேட்டு, வரும் எண்களை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப் போடுங்கள். மூன்று வருஷம் கழித்து அதே இடத்தில் திரும்ப எடுப்போம். பாஸ்பரஸ் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்று அப்போது நம் ஊர் மண்ணை வைத்தே பேசலாம், பிராட்பாக்கைத் துணைக்குக் கூப்பிட வேண்டியிருக்காது.

கரையானும் மரவேரும் துளைத்த வழிகளில் மழைநீர் மண்ணைத் தொடாமலே நேராக இறங்கிவிடும் இடங்களும் வெட்டுக்கல் நிலத்தில் உண்டு. அங்கே மூன்றாவது அடியின் எண் முழு உண்மையைச் சொல்லாது. அப்படிப்பட்ட இடங்களில் கிணற்று நீரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அம்மோனியம் மாலிப்டேட் என்னிடம் இருக்கிறது, அந்தச் சோதனையை உங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் வந்து சொல்லிக்கொடுக்கிறேன்.

மாதிரி எடுப்பதென்றால் கும்பப்பூ அறுப்பு முடிந்து, கோடை உரம் போடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். உரம் போட்டு மூன்று மாசமாவது ஆகியிருக்க வேண்டும். கம்பிப்பாரை, மண்வெட்டி, துணிப்பை, அடி அளந்து கோடு போட்ட ஒரு கம்பு, இவ்வளவுதான் வேண்டும். எங்கள் விளையில் கீழ்க் கையாலையைத் திரும்பக் கட்டத் தொடங்கியிருக்கிறேன், பாதி ஏறிவிட்டது. மூன்றடிக் குழியையும் இன்னும் மூடவில்லை, மேலே ஓலை போட்டு வைத்திருக்கிறேன். எந்தச் சங்கத்தாரும் வந்து இறங்கிப் பார்க்கலாம்.

அன்புடன்,
திருவட்டார் பக்கத்து ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை ஒருத்தி